மூன்று நாள் விட்டுப்போனால் எது தாங்கும்? சேலத்தில் இருந்துகொண்டு சிசிஎன்ஏ படிக்க நான்கு வழிகள்

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்கிறவர்களிடம், நெட்வொர்க்கின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளைக் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றித்தரும் நாட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், "அதுக்கு இன்னும் வரலைங்க" என்பார்கள். முதல் அத்தியாயத்தை நான்கு முறை தொடங்கியிருப்பதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் நடுவில் ஏதாவது வந்திருக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, அக்கா வீட்டு வளைகாப்பு, நைட் ஷிஃப்ட், காய்ச்சல். பத்து நாள் கழித்துத் திரும்பி உட்காரும்போது விட்ட இடம் மறந்திருக்கும். மறுபடியும் ஒன்றாம் பக்கம்.

பயிற்சி மையமா, தனியாகவா, கூட்டாளியோடா, வேலைக்கு லீவு போட்டா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தையும் சொல்லித்தருபவரின் பெயரையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். அதைவிட உருப்படியான அளவுகோல் ஒன்று உண்டு. மூன்று நாள் விட்டுப்போனால், திரும்பி வர இந்த வழியில் என்ன செலவாகும்? நான்கைந்து மாதப் படிப்பில் நாள் விட்டுப்போகாமல் இருக்கவே இருக்காது. விட்டுப்போகாத ஆளுக்கு எந்த வழியும் சரிதான், அவருக்கு இந்தக் கட்டுரை வேண்டியதில்லை.

முதலில் தேர்வின் கணக்கு

தேர்வின் எண் 200-301. நேரம் 120 நிமிடம். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 1.1 பதிப்பின்படி பாடப்பங்கு இப்படி: நெட்வொர்க் அடிப்படைகள் 20 விழுக்காடு, நெட்வொர்க் அணுக்கம் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலான், பல விலானைச் சுமக்கும் டிரங்க் இணைப்பு, சுழலைத் தடுக்கும் எஸ்டிபி, வயர்லெஸ்) 20, ஐபி இணைப்பு (ரூட்டிங், ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்) 25, ஐபி சேவைகள் (நாட், தானாக முகவரி தரும் டிஹெச்சிபி, கடிகாரத்தை ஒத்துவைக்கும் என்டிபி) 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, ஆட்டோமேஷன் 10. தேறும் மதிப்பெண் எவ்வளவு என்று சிஸ்கோ சொல்வதில்லை. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பப் போக முடியாது. கொள்குறிக் கேள்விகளோடு, கட்டளைகளைத் தட்டிச் செய்துகாட்ட வேண்டிய லேப் கேள்விகளும் வரும். கட்டணம் 300 டாலர். வரியோடு ரூபாயில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும், டாலர் விலையைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

வேலைக்குப் போகிறவர் வாரத்தில் ஐந்து நாள் ஒன்றரை மணி நேரமும் ஞாயிறு நான்கு மணி நேரமும் ஒதுக்கினால் வாரத்துக்கு பதினொன்றரை மணி. பதினெட்டு வாரத்தில் 207 மணி. நெட்வொர்க்கிங்கில் முன் அனுபவம் இல்லாதவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு ஏறக்குறைய இதுதான். மீதி ஒரு நாள் வேண்டுமென்றே காலியாக இருக்கிறது, கவனியுங்கள். விட்டுப்போன நாளை நிரப்புவதற்கான இடம் அது. ஏழு நாளையும் நிரப்பிப் போடும் அட்டவணை முதல் வாரமே உடையும். உடைந்த அட்டவணையைப் பார்க்கப் பார்க்க, படிப்பின் மேலேயே ஒரு வெறுப்பு வரும்.

வழி ஒன்று: பயிற்சி மையம்

ஐந்து ரோடு, நான்கு ரோடு, புது பஸ் ஸ்டாண்டு சுற்றுவட்டாரத்தில் போர்டுகளுக்குக் குறைவில்லை. மையத்தின் பலம் வெளியிலிருந்து வரும் தாளம். ஆறரைக்கு பேட்ச் என்றால் ஆறரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், மனசு வந்ததா வரவில்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கடைக்கும் ரேஷனுக்கும் அனுப்பப்படுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நிஜ ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் தொட்டுப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. கன்சோல் கேபிளைச் செருகி, 9600 பாட் வேகம் வைத்து, கறுப்புத் திரையில் எழுத்து வருவதைப் பார்ப்பது புத்தகத்தில் கிடைக்காத அனுபவம்.

மூன்று நாள் சோதனையில் மையம் திணறுகிறது. நீங்கள் வராத மூன்று நாளில் பேட்ச் நிற்காது. விலானில் விட்டுப்போனவர் திரும்பி வரும்போது போர்டில் ஓஎஸ்பிஎஃப் எழுதியிருக்கும். எல்லோருக்கும் முன்னால் கேட்கக் கூச்சமாக இருக்கும், "அப்புறம் நோட்ஸ் வாங்கிக்கலாம்" என்று உட்கார்ந்திருப்பார். அன்றிலிருந்து அவர் உடலால் மட்டும் வகுப்பில் இருக்கிறார். சேரும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி: விட்டுப்போன வகுப்பை அடுத்த பேட்சில் உட்கார்ந்து கேட்க விடுவீர்களா? "விடுவோம்" என்று வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

கூடவே இன்னும் சில கேள்விகள். பாடத்திட்டத்தில் டெராஃபார்ம் என்ற ஆட்டோமேஷன் கருவி இருக்கிறதா? 1.1 பதிப்பில் பப்பெட், செஃப் இரண்டையும் எடுத்துவிட்டு டெராஃபார்மைச் சேர்த்தார்கள். பழைய பட்டியலையே ஓட்டும் மையம் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்ளும். ரவுட்டரும் ஸ்விட்ச்சும் அடுக்கிய ஒரு ரேக்கை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? பன்னிரண்டு பேருக்கு ஒரு ரேக் என்றால், ஒருவர் தட்ட மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தேர்வுக்கு முன் "டம்ப்ஸ் கொடுத்துவிடுவோம், அதுவே வரும்" என்று சொல்கிறார்களா? சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடலாம். கசிந்த கேள்விகளை வைத்து எழுதியது தெரியவந்தால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்ய முடியும். அது தெரியாமல் போனாலும், நேர்முகத்தில் "இந்த ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவுல டிரங்க் ஏன் ஏறலை?" என்று கேட்கும்போது தெரிந்துவிடும்.

மையத்தில் இன்னொரு குழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாடம் நாற்பத்தைந்து நாளில் முடிகிறது, பங்கேற்புச் சான்று கொடுக்கிறார்கள், குழுவாகப் போட்டோ எடுக்கிறார்கள். படிப்பு முடிந்த மாதிரியே இருக்கும். உண்மையான தேர்வு அங்கிருந்து இரண்டு மூன்று மாதம் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானோர் காணாமல் போகிறார்கள். வெளியிலிருந்து வந்த தாளம் நின்றுவிட்டது, சொந்தமாக ஒரு தாளம் இன்னும் உருவாகவில்லை. மையத்தைத் தேர்ந்தெடுப்பவர் கடைசி வகுப்புக்கு மறுநாள் காலை என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வழி இரண்டு: தனியாக, வீட்டில்

பணம் அதிகம் கேட்காத வழி. ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். ஒரு நல்ல பாடநூல், ஒரே ஒரு வீடியோ தொடர், ஒரு நீளநோட்டு. நைட் ஷிஃப்ட் வந்தால் பகலில் படிக்கலாம், மின்தடை வந்தால் நோட்டைத் திறந்து, நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குப் போடலாம். மூன்று நாள் விட்டால் பாடமும் மூன்று நாள் உங்களுக்காகக் காத்திருக்கும். காகிதத்தில் பார்த்தால் திரும்பி வரும் செலவு சுழியம்.

நடப்பில் அப்படி இல்லை. தனியாகப் படிக்கிறவர் விட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை, தொடக்கத்துக்குத் திரும்புகிறார். அல்லது வேறு வீடியோ தொடருக்குத் தாவுகிறார். "இவர் இன்னும் தெளிவா சொல்றாரு" என்று மூன்றாவது தொடரின் முதல் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிய தொடரின் முதல் பாகம் எப்போதும் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தது. தெரிந்ததைத் திரும்பப் பார்ப்பதில் வரும் அந்தச் சுகத்தைப் படிப்பு என்று எண்ணி ஏமாந்துபோவதுதான் இந்த வழியின் பெரிய நோய். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்துப் பழகியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். சிசிஎன்ஏ எழுதப் போவது ஐந்து நிமிடம் கழித்து இல்லையே.

தனிவழியைத் தாங்கவைப்பது ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் படிப்பை முடித்து எழுந்திருக்கும் முன், நீளநோட்டில் கடைசி வரியாக மறுநாளின் முதல் வேலையை எழுதுங்கள். "ஓஎஸ்பிஎஃப் படிக்கணும்" என்று எழுதினால் பயனில்லை. "மூன்று ரவுட்டர் கோப்பைத் திற, ஆர்2-வில் ஏரியா 0 சேர், நெய்பர் பட்டியல் பார்" என்று கைக்குப் புரியும் வேலையாக இருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து உட்கார்ந்தாலும் அந்த வரி இருக்கும்.

அடுத்தது திரும்பி வரும் நாளுக்கான சடங்கு. ஐம்பது நிமிடம் போதும். முதலில் பத்து சப்நெட் கணக்கு, பதினைந்து நிமிடம். உதாரணத்துக்கு 192.168.10.77/27. தொகுதி அளவு 32, ஆகவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, நடுவில் பயன்படும் முகவரி 30. பிறகு 172.16.37.200/20. மூன்றாம் எண்ணில் தொகுதி 16, ஆகவே 172.16.32.0 முதல் 172.16.47.255 வரை. இந்த மாதிரி. அடுத்து, கடைசியாகச் செய்த லேபை வெற்றுக் கோப்பிலிருந்து மறுபடி கட்டுங்கள், முப்பது நிமிடம். நோட்டைப் பார்க்கக் கூடாது, சிக்கினால் கேள்விக்குறி கட்டளையைத் தட்டி ரவுட்டரிடமே கேளுங்கள். மீதி ஐந்து நிமிடத்தில் எங்கே சிக்கியது என்று எழுதுங்கள். அதோடு அன்றைய வேலை முடிந்தது. புதுப் பாடம் மறுநாள்தான். விட்ட மூன்று நாளையும் ஒரே ராத்திரியில் பிடிக்கப் பார்க்கிறவர் நான்காவது நாளையும் சேர்த்து விடுவார்.

லேபில் எங்கே சிக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ரவுட்டர் இடைமுகத்தில் "நோ ஷட்டவுன்" மறந்திருக்கும். ஓஎஸ்பிஎஃப்பில் சப்நெட் மாஸ்க்கைப் போட்டிருப்பார்கள், அங்கே கேட்பது அதன் தலைகீழான வைல்டுகார்டு. /27-க்கு 0.0.0.31. இரண்டு பக்கமும் ஏரியா எண் வேறாக இருந்தாலோ, ஒரு பக்கம் ஹலோ நேரம் 10 விநாடியிலிருந்து மாறியிருந்தாலோ ரவுட்டர்களுக்குள் நெய்பர் உறவு உருவாகாது. எம்டியு (ஒரே பொட்டலத்தில் போகக்கூடிய உச்ச அளவு) இரு பக்கமும் வேறாக இருந்தால் உறவு "எக்ஸ்ஸ்டார்ட்" நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் லேபில் ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் வைக்காமல் சாவி உருவாக்கப் போவார்கள், அல்லது தொலைவிலிருந்து வருபவருக்கான விடிஒய் வரியில் "லாகின் லோக்கல்" விட்டுப்போயிருக்கும். நாட்டில் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் மாற்றிப் போட்டிருப்பார்கள். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஏசிஎல் பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத "எல்லாவற்றையும் மறு" வரி ஒன்று இருக்கிறது என்பதைப் படித்திருப்பார்கள், ஆனால் பிங் போகாதபோது அது நினைவுக்கு வராது. இந்தப் பட்டியலை உங்கள் கையெழுத்தில், உங்கள் தவறுகளோடு வைத்திருந்தால், சோர்ந்த நாளில் திறந்து படிக்க வேறு எதுவும் தேவைப்படாது.

வழி மூன்று: இருவர், மிஞ்சினால் மூவர்

நாற்பது பேர் இருக்கும் வாட்ஸாப் குழு இந்தக் கணக்கில் வராது. அங்கே நடப்பது பிடிஎஃப் சேகரிப்பு. குறிப்பாகச் சொல்வது, ஒரே தேர்வை ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதப்போகும் இரண்டு பேர் வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் சேர்வது. ஒருவர் சூரமங்கலத்திலும் இன்னொருவர் சீலநாயக்கன்பட்டியிலும் இருந்தால் நேரில் கூட வேண்டியதில்லை, திரைப்பகிர்வு போதும். நேரில்தான் என்றால் மாவட்ட மைய நூலகம் படிக்க நல்ல இடம், பேசத்தான் வெளியே வர வேண்டும்.

இந்த வழியில் ஒரு பயிற்சி இருக்கிறது, மற்ற மூன்று வழியிலும் இதற்கு ஈடு கிடையாது. லேபை உடைத்துக் கொடுப்பது. ஒழுங்காக ஓடும் பாக்கெட் டிரேசர் கோப்பில் ஒருவர் மூன்று கோளாறு வைத்து அனுப்புகிறார். இவற்றில் ஏதாவது மூன்று: டிரங்கில் நேட்டிவ் விலானை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது, அனுமதிப் பட்டியலிலிருந்து விலான் 20-ஐ எடுப்பது, கணினியின் டீஃபால்ட் கேட்வேயில் ஒரு எண்ணைத் திருப்புவது, ஏசிஎல்லைத் தவறான திசையில் மாட்டுவது, ரவுட்டரில் டிஹெச்சிபி ஹெல்பர் முகவரியை அழிப்பது. மற்றவருக்கு இருபது நிமிடம். தானே கட்டிய லேபில் தானே வைத்த தவறு எங்கே என்று தெரிந்திருக்கும் என்பதால், தனியாக இருப்பவரால் இதைச் செய்யவே முடியாது. தேர்வின் லேப் கேள்விக்கும், பிறகு வேலையில் நள்ளிரவில் வரும் போனுக்கும் இதுதான் ஒத்திகை.

மூன்று நாள் சோதனையில் ஜோடி நன்றாகவே தாங்குகிறது. நீங்கள் விட்டாலும் மறுமுனையில் ஆள் இருக்கிறார். "என்னப்பா, கோப்பு அனுப்பி ரெண்டு நாளாச்சு, திறக்கவே இல்லையா?" என்று ஒரு செய்தி வரும். எந்தச் செயலியின் நினைவூட்டலும் அந்த அளவு குத்தாது. ஆனால் ஜோடிக்கே உரிய சாவு ஒன்று உண்டு, ஒருவருக்கு வேலை கிடைத்து பெங்களூரு ரயில் ஏறிவிடுவது. அடுத்த வாரம் மற்றவரும் நிறுத்திவிடுகிறார். கூட்டாளியின் மேல் மட்டும் சாய்ந்து நின்றதன் விளைவு. அதனால்தான் ஜோடியாகப் படிப்பவரும் வழி இரண்டின் நீளநோட்டை வைத்திருக்க வேண்டும். கூட்டாளி போனாலும் கடைசி வரி இருக்கும்.

வேகம் மாறுபடுவது இன்னொரு சிக்கல். ஒருவர் வேகமாக ஓடினால் மற்றவர் "நான் பிடிச்சுட்டு வர்றேன், அப்புறம் சேரலாம்" என்பார். அந்த "அப்புறம்" வராது. பாடத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கோளாறு வைத்துக் கொடுப்பதற்குச் சமமாகப் படித்திருக்கத் தேவையில்லை. முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரின் பாடத்தில் கோளாறு வைத்தால் அவருக்கே அது மீள்பார்வை. சந்திப்பு தேநீர்ப் பேச்சாக மாறாமல் இருக்க ஒரே விதி: முதல் ஐம்பது நிமிடம் திரை. தட்டுவடை செட்டும் சினிமாவும் அதற்குப் பிறகு.

வழி நான்கு: லீவு போட்டு, அல்லது மலைக்கு ஓடி

"ஒரு மாசம் வேலைக்கு லீவு சொல்லிட்டு ஏற்காட்டுல ரூம் எடுத்து உட்கார்ந்தா முடிச்சிரலாம்" என்ற யோசனை, சித்திரை வெயிலில் சேலத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இயல்பாக வரும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரும் மரமும். ஆசை நியாயமானதுதான். கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று இருபத்தைந்து நாள் போட்டால் 200 மணி வந்துவிடும், உண்மை. ஆனால் நினைவு அப்படி நிரம்புவதில்லை. நினைவை ஆராய்ந்த உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னைத்தானே சோதித்து எழுதியதிலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான விஷயம் இது: ஒரே மூச்சில் படித்ததைவிட, இடைவெளி விட்டுத் திரும்பித் திரும்பித் தொட்டது நிற்கும். எஸ்டிபியில் ரூட் பிரிட்ஜ் எப்படித் தேர்வாகிறது என்பதைத் திங்கள், வியாழன், அடுத்த வாரம் என்று மூன்று தடவை பத்து நிமிடம் நினைவுகூர்ந்தால் நிற்கிறது. ஒரே நாள் இரண்டு மணி நேரம் முட்டினால் அடுத்த வாரம் கரைந்திருக்கும். எட்டு மணி நேர நாளில் ஐந்தாவது மணிக்குப் பிறகு கண் மட்டும்தான் ஓடும்.

மூன்று நாள் சோதனையில் இந்த வழி அடியோடு தோற்கிறது. முப்பது நாள் திட்டத்தில் மூன்று நாள் காய்ச்சல் என்றால் பத்தில் ஒரு பங்கு போனது. பதற்றம் ஏறும், பதற்றத்தில் தூக்கம் போகும். லீவும் தீர்ந்திருக்கும். சொந்தக்காரர்கள் "லீவு போட்டும் முடிக்கலையா தம்பி?" என்பார்கள். அதுவும் மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று மலையே நிரம்பியிருக்கும். அறை வாடகை ஏறும், வளைவுகளில் வண்டிகள் நிற்கும், பக்கத்து அறையில் ராத்திரி ஒரு மணி வரை பாட்டு.

மலைக்கு ஒரு பயன் உண்டு. தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், வார நடுவில் இரண்டு நாள், கூட்டமில்லாத மாதத்தில். முதல் நாள் காலை 120 நிமிடத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, பின்னால் போகாமல். மாலையில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதுவது. மறுநாள் தவறியவற்றின் லேப் மட்டும். பாக்கெட் டிரேசரில் வீட்டிலேயே உள்நுழைந்து சோதித்துவிட்டு மடிக்கணினியைத் தூக்குங்கள், மேலே போய் இணையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இந்த இரண்டு நாளைத் தொடக்கத்தில் செலவழிக்கிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, மிளகு பாக்கெட்டோடு இறங்கி வருவார்கள்.

யாருக்கு எது

கருப்பூர் பக்கம் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறவருக்கு ஜோடி வழிதான் முதலில். வகுப்பிலேயே கூட்டாளி கிடைப்பார், நேரம் பொருந்தும், மையத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைக்கலாம். சுழற்சி ஷிஃப்டில் இருப்பவர் மையத்தில் சேர்ந்தால் வாரத்தில் பாதி வகுப்பு போய்விடும். அவருக்குத் தனிவழியோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டாளி. செவ்வாய்ப்பேட்டையில் குடும்பத்தின் கொலுசுக் கடையைப் பார்த்துக்கொண்டே படிக்கிறவர், குழந்தை பிறந்து சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண், இவர்களுக்கு மையம் நியாயமான செலவு. அங்கே சொல்லித்தருவதை விடவும் பெரிய லாபம், அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் யாரும் கூப்பிட முடியாது என்பது. விட்ட வகுப்பைத் திரும்பக் கேட்கும் உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கையில் கணினியே சரியாக இல்லாதவருக்கும் மையம்தான்.

காலையா இரவா

இதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் இல்லை என்பார்கள். நெட்வொர்க்கிங்குக்கு ஓரளவு இருக்கிறது. படிப்பு காலையில், லேப் இரவில். காரணம் நேரடியானது: இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கும், கட்டளை தட்டும்போது கை ஓடுவதால் தூக்கம் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அம்மாபேட்டை மாதிரித் தறி ஓடும் தெருவில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் பழகிப்போனதுதான், லேபுக்கு அது தொந்தரவில்லை, ஆனால் வீடியோவைக் கேட்க முடியாது. அதைத் தறி தொடங்கும் முன் ஐந்தரைக்கு வைத்துக்கொள்ளலாம். சோர்ந்த நாளுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்: ஐந்து சப்நெட் கணக்கு, ஏழு நிமிடம். அதைச் செய்த நாள் விட்டுப்போன நாள் கணக்கில் வராது.

தேதியை எப்போது பதிவது

முதல் நாளே பணம் கட்டித் தேதி போட்டால் பயத்தில் படித்துவிடுவோம் என்று ஒரு கட்சி. எல்லாம் முடித்த பிறகு பதியலாம் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி மறப்பது, தேர்வுக்கு 24 மணி நேரம் முன்பு வரை தேதியை மாற்றலாம் என்பதை. அதனால் அந்தப் பயம் அடுத்தடுத்த தேதிக்கு நகர்ந்துகொண்டே போகும். இரண்டாம் கட்சிக்கு "எல்லாம் முடிந்த" நாள் வரவே வராது. நடுவில் நில்லுங்கள். மூன்று ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் லேபை நோட்டைப் பார்க்காமல் நாற்பது நிமிடத்தில் கட்ட முடிந்த அன்று, ஆறு வாரம் தள்ளி ஒரு தேதி பதியுங்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள் என்பதற்கு அது நம்பத்தகுந்த அடையாளம். அந்த ஆறு வாரத்துக்குள் ஆடித் திருவிழாவோ தீபாவளியோ பொங்கலோ விழுந்தால் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் படிப்பேன் என்று போடும் திட்டம் யாரும் நிறைவேற்றாத திட்டம்.

வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதுவதா, தேர்வு மையத்துக்குப் போவதா? தேர்வு மையம். சிஸ்கோவுக்காகத் தேர்வு நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் தளத்தில் சேலத்தைச் சுற்றித் தேடுங்கள், வேண்டிய நாளில் இடம் இல்லாவிட்டால் கோவைக்கோ பெங்களூருக்கோ ஒரு நாள் பயணம்தான். வீட்டில் எழுதினால் எழுதிப்பார்க்கக் காகிதம் கிடையாது, திரையில் உள்ள வெண்பலகைதான். சப்நெட்டை அதில் மவுஸால் கிறுக்குவது எரிச்சல். மையத்தில் அழித்து எழுதும் பலகை தருவார்கள். வீட்டில் அறைக்குள் யாரும் வரக் கூடாது, காலிங் பெல் அடித்தாலும் எழ முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை எந்த நாள் என்று வேறு பார்க்க வேண்டும். பதியும்போது பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து என்று மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பது நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள தலைவலி. வாசலில் திருப்பி அனுப்பினால் கட்டணமும் போகும்.

தேர்வு அறையில் ஒரு லேப் கேள்வியோடு பத்து நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். செய்தவரை சேமித்துவிட்டு நகருங்கள். சேமிக்கும் கட்டளை கைப்பழக்கமாக வர, வீட்டு லேப்கள் எல்லாவற்றையும் அதோடுதான் முடிக்க வேண்டும்.

தேறாவிட்டால்

சிஸ்கோ விதிப்படி ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஆறாவது நாளே எழுத ஓடுகிறவர்கள் இன்னொரு முப்பதாயிரத்தை வைத்துச் சூதாடுகிறார்கள். மதிப்பெண் தாளில் பாடப்பகுதி வாரியாக விழுக்காடு இருக்கும். அதைப் பாடப்பங்கோடு பெருக்கிப் பாருங்கள். ஆட்டோமேஷனில் 30 விழுக்காடு என்பது கண்ணை உறுத்தும், ஆனால் அந்தப் பகுதியே மொத்தத்தில் 10 விழுக்காடுதான், அதனால் போனது 7. ஐபி இணைப்பில் 56 எடுத்திருந்தால் அங்கே போனது 11. முதலில் சரிசெய்ய வேண்டியது ஓஎஸ்பிஎஃப்பும் ஸ்டாட்டிக் ரூட்டும். அறையை விட்டு வந்த அன்றே, நினைவு ஆறும் முன், எந்தெந்தத் தலைப்பில் தடுமாறினோம் என்று நீளநோட்டில் எழுதுங்கள். கேள்வியை எழுதவோ யாருக்கும் சொல்லவோ கூடாது, அதற்குத் தேர்வுக்கு முன் ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். தலைப்பு மட்டும். அதற்குக் கீழே, வழக்கம்போல, நாளைக்கு முதல் வேலை: கோப்பின் பெயர், ரவுட்டரின் பெயர், என்ன தட்ட வேண்டும்.